யாழ் நரம்பும் தியான நெறியும்

"நாள்தோறும் எத்தனை மணி நேரம் அமர வேண்டும்?" தியானம் பயில விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பணி ஓய்வுக்குப் பின் விபாசனா பயின்று வருபவன் என்பதால் கேட்கிறார்கள். இடுபொருள் கூடினால் விளைபொருளும் கூடும் என்ற கணக்கு அக்கேள்விக்குள் இருப்பது, பொருளியல் கற்பித்த எனக்குப் புரியாமலில்லை. ஆனால், உடலிலும் மனத்திலும் தோன்றி மறைவனவற்றை உள்ளவாறே நோக்கும் இப்பயிற்சியில், முயற்சியின் அளவைக் காட்டிலும் அதன் பதமே முதன்மையானது. பதம் தவறினால், அமரும் நேரம் கூடக்கூட மனம் கலங்கவும் கூடும்.

இதை விளக்கப் பலரும் எடுத்துக்காட்டுவது அங்குத்தர நிகாயத்தில் வரும் சோணரின் கதை. செல்வக் குடியில் பிறந்து துறவு பூண்ட சோணர், இராசகிருகத்துக்கு அருகிலுள்ள சீதவனத்தில், பாதங்களில் குருதி கசியும் அளவுக்கு நடைதியானம் செய்தார். விடுதலை கிட்டவில்லை. வீடு திரும்பி அறம் செய்து வாழலாமே என்று எண்ணத் தலைப்பட்டார். இல்லறத்தில் அவர் வீணை வல்லவர் என்பதை அறிந்த புத்தர், நரம்புகளை மிக இறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறக்குமா என்று வினவினார். மிகுந்த ஊக்கம் அலைக்கழிப்பைத் தரும். குறைந்த ஊக்கம் சோம்பலைத் தரும். ஊக்கத்தைச் சமன்செய்க என்பது அவர் அளித்த அறிவுரை.

இந்த நிகாயத்துக்கு 'மனோரதபூரணி' என்னும் உரையை எழுதிய புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அதன் முடிவுரையில் குறிப்பிடுகிறார். யாழ் நரம்பின் இயல்பு தமிழகத்துக்குப் புதிதன்று என்பதால் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருவதுண்டு.

சோணரின் கதையைப் படிப்போர் பெரும்பாலும் 'எதிலும் நடுவில் நில்' என்ற பொருளோடு நிறுத்திவிடுகின்றனர். அது போதாது என்பது என் கருத்து. ஒருமுறை சுருதி சேர்த்த நரம்பு அப்படியே நிற்பதில்லை. ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் மீட்டலுக்கும் ஏற்ப இளகும், இறுகும். மேலும், அந்த அறிவுரை அளவு கடந்து இறுக்கிக்கொண்ட ஒருவருக்குச் சொல்லப்பட்டது. அதே நிகாயத்தில், அமர்ந்தபடி உறங்கி விழும் மொக்கல்லானருக்குப் புத்தர் கூறுவது வேறு: காதுகளை இழுத்துவிடு, கண்களை நீரால் கழுவு, விண்மீன்களை அண்ணாந்து பார், எழுந்து நட. இவை யாவும் பயன் தராவிட்டால், வலப்பக்கமாகச் சாய்ந்து உறங்கு!

ஆளுக்கு ஆள் மட்டுமன்று, படிக்குப் படியும் இப்பதம் மாறுகிறது. தொடக்கத்தில் மனம் ஓரிடத்தில் நில்லாது. அப்போது ஊக்கமே பெரிதும் வேண்டும். பர்மியத் துறவி மகாசி சயாதோ (1904-1982) வகுத்த முறையில் அமர்தலும் நடத்தலும் மாறி மாறி வருவதற்குக் காரணம் உண்டு. நடை ஊக்கத்தை வளர்க்கும்; அமர்வு ஒருமையை வளர்க்கும். ஒருமை மிகுந்து ஊக்கம் குறைந்தால் இனிமையான மயக்கம் வந்து கவியும். அதை அமைதி என்று எண்ணிக்கொள்வோர் பலர்.

பொருளியலில் இதற்கு இணையான விதி ஒன்றுண்டு. நிலத்தின் அளவு மாறாதிருக்க, உழைப்பாளரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், கூடுதலாக வரும் ஒவ்வொருவராலும் கிடைக்கும் விளைச்சல் ஒரு கட்டத்துக்குப் பின் குறையும். இதைக் குறைந்துசெல் விளைவு விதி என்கிறோம். ஒருமை வளராமல் ஊக்கத்தை மட்டும் கூட்டும் பயிற்சியாளரின் நிலையும் இதுவே.

அடுத்து வருவது, நிகழ்வுகளின் தோற்றமும் மறைவும் விரைந்து புலப்படும் படி. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய 'விசுத்திமக்கம்' இங்கே எழும் பத்து மாசுகளைப் பட்டியலிடுகிறது. ஒளி, பேருவகை, இன்பம் ஆகியவற்றுடன், இறுக்கமும் தளர்வும் இல்லாத செவ்விய ஊக்கமும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது, அமைதியும் இடம்பெறுகிறது! நல்லவை எப்படி மாசாகும்? பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள பற்றுதான் விடை. 'இதோ எய்திவிட்டேன்' என்று அவற்றைப் பிடித்துக்கொள்ளும்போது அவை தடையாகின்றன. இப்படியில் ஊக்கத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ தீர்வாகாது. ஒளி தோன்றினால் ஒளி என்றும், அமைதி தோன்றினால் அமைதி என்றும் அறிந்து நகர்வதே வழி.

அதன்பின் அனைத்தும் கரைந்து அழிவதாகத் தோன்றும். அச்சமும் வெறுப்பும் எழும் என்கிறது அந்நூல். இங்கேதான் பலர் இடறுகின்றனர். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னிலும் கடுமையாக அமர்கின்றனர். சிலர் பயிற்சியையே விட்டு ஓடுகின்றனர். அச்சத்தை அச்சம் என்று அறிந்து, நடையைக் கூட்டி, தேவையெனில் நேரத்தைக் குறைத்து, ஆசிரியரிடம் மனம் திறந்து பேசுவது நலம். முன்பே மனநலச் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் நீண்ட மௌன முகாம்களில் சேரக் கூடாது.

முதிர்ந்த படி சமநோக்கு. ஊக்கம் தானே இயங்குவதுபோல் அப்போது தோன்றும். வலிந்து தள்ளினால் கெடும். கடலோடிகள் கரை தேடிப் பறக்கவிடும் காக்கையை விசுத்திமக்கம் இதற்கு உவமை காட்டுகிறது. கரை தென்படும்வரை அது மீண்டும் மீண்டும் பாய்மரத்துக்கே திரும்பிவரும். கரையைப் பார்த்துவிட்டால் நேரே அதை நோக்கிப் பறந்துவிடும்.

இத்தனை மாற்றங்களையும் கண்காணிப்பது கடைப்பிடி என்னும் விழிப்பு. எல்லாக் கறிக்கும் உப்பு வேண்டுவதுபோல் எல்லா நிலையிலும் அது வேண்டும் என்கிறார் புத்தகோசர். தாடை இறுகுகிறதா, தோள்கள் உயர்கின்றனவா, மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று மனம் எண்ணுகிறதா? நரம்பு இறுகிவிட்டது. மூச்சை நீளமாக விட்டு, ஒலிகள் தாமே வந்து செவியில் விழ விடலாம். தலை தொங்குகிறதா? கண்களைத் திறக்கலாம், நிற்கலாம்.

இவற்றை எல்லோருக்குமான கால அட்டவணை தர இயலாது. பத்து நாள் முகாம்களில் பெருந்திரளாக மக்கள் கூடும் இக்காலத்தில், சோணரும் மொக்கல்லானரும் ஒரே கூடத்தில் அருகருகே அமர்ந்திருப்பார்கள். 'இன்னும் முயலுங்கள்' என்று பொதுவில் ஒலிக்கும் ஒரு சொல் ஒருவருக்கு மருந்தாகும், மற்றவருக்குப் புண்ணாகும். எனவே, முகாமைத் தேர்ந்தெடுப்போர் அங்குள்ள வசதிகளை விசாரிக்கும் முன், ஆசிரியர் தனித்தனியே அமர்ந்து பேச நாளில் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று கேட்பது நல்லது.