தெளிந்த நீரும் தேறிய நீரும்

மாணவன் விரிக்கும் அப்பியாசக் கொப்பி வெண்மையானது. அவ்வெண்மைக்காக ஆலை கழுவி அகற்றிய கருமை எங்கே சென்றது என்று நாம் வினாவுவதில்லை. அதனை வினாவுவதையே தொழிலாகக் கொண்டவர், கழிவுநீரைப் பரிசோதிக்கும் அலுவலர்.

1950களில் வாழைச்சேனையிலே எழுந்த ஆலை, நம் வயல்களின் வைக்கோலைக் கடதாசியாக்கியது. வைக்கோலாயினும் மரமாயினும் இரசாயனக் கூழாக்கும் முறையின் அடிப்படை ஒன்றே. காரம் முதலியவற்றோடு அவிக்கும்போது, நார்களைப் பிணைத்து நிற்கும் இலிக்னின் கரைந்து பிரிகிறது. நார் கடதாசியாகும், எஞ்சுவது கருநீர். மரக்கூழ் ஆலைகள் அதனைச் சுண்டக் காய்ச்சி எரித்து இரசாயனங்களை மீட்கின்றன. வைக்கோலிலோ சிலிக்கா மிகுதி. அது மீட்கும் பொறிகளிலே படிந்து இடர் செய்யும். ஆதலால் வைக்கோல் ஆலைகளுக்குக் கருநீர் பெருஞ்சுமையாயிற்று.

ஆலைக்குள் நுழையும் பரிசோதகர் நீர் செல்லும் வழியே நடப்பார். முதலில் சல்லடை, அடுத்து, நார்த்துகள் அடியிற் படியும் தொட்டி, பின்னர், காற்றூட்டும் குளம். பழுப்பு நுரை மிதக்கும் அக்குளத்தில் நுண்ணுயிர்கள் கரைந்துள்ள சேதனப் பொருளை உண்கின்றன. காற்றுப் பொறி நெடுநேரம் நின்றால் அவை மடியும். பரிசோதகர் வரும் நாளில் மட்டும் ஓடும் பொறியும் உண்டன்றோ! ஆதலின் பொறியின் ஓசையைக் கேட்டு அமையாது, குளத்தின் ஒட்சிசனை அளந்து, மின்சாரப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பார்.

இறுதியாக, நீர் வெளியேறும் வாயிலிலே போத்தலை நிரப்புவார். இங்கே கண் இருவகையாலும் ஏமாற்றும். இலிக்னினை நுண்ணுயிர்கள் எளிதில் உண்பதில்லை. ஆதலால் நன்கு சுத்திகரித்த நீரும் தேயிலைச் சாயம்போலத் தோன்றலாம். தெளிந்த நீரோ, கரைந்த மாப்பொருளையும் சர்க்கரையையும் தாங்கிச் சென்று ஆற்றின் மூச்சைப் பறிக்கலாம். உண்மையை அறிய, அந்நீரை 20 பாகை செல்சியசில் 5 நாள் இருளில் வைத்து, நுண்ணுயிர்கள் உட்கொண்ட ஒட்சிசனைக் கணிக்க வேண்டும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு, 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான இலங்கை விதிகள் வகுத்த எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம். நமது வெப்பத்திலே ஒரு லீற்றர் ஆற்றுநீர் தாங்கும் ஒட்சிசனோ ஏறத்தாழ 8 மில்லிகிராமே. தேறிய கழிவுநீரும் தன்னளவு ஆற்றுநீரின் செல்வம் முழுவதையும் செலவிட்டு மேலும் கேட்கும். அதனாலேயே, குறைந்தது 8 மடங்கு தூய நீர் வந்து கலக்கும் என்னும் கணக்கின்மேல் அவ்வெல்லை வகுக்கப்பட்டது.

கோடையிலே ஆறு ஓடையாகச் சுருங்கும்போது அந்த 8 மடங்கு எங்கே? ஆகவே நல்ல பரிசோதகர் குழாயின் வாயோடு நின்றுவிடார். கரை இறங்கி ஆற்றையும் பார்ப்பார். அங்கே வலை வீசுவோனிடமும் பேசுவார். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதை அவனே முதலிற் கண்டவன். போத்தல் 5 நாள் கழித்துச் சொல்லப்போவதை அவன் அன்றே சொல்லிவிடுகிறான். அவன் சொல்லும் அறிக்கையில் ஏற வேண்டும்.