வராத விடையும் வாக்குறுதிச் சீட்டும்



ஓய்வு பெற்ற பின்னர்க் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றவன் நான். கற்ற புதிதில் செய்த பிழையொன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் குழுவொன்றுக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து மதிப்பெண்களை வரவழைத்துத் தகுதியுடையோரைப் பட்டியலிடுவது அதன் வேலை. பட்டியலில், நன்கு படிக்கும் பெண்ணொருத்தியின் பெயருக்கு நேரே சுழி நின்றது. அவள் சுழி வாங்கவில்லை. இடையில் தொடர்பு அறுந்து விடை வாராமற்போயிற்று. வாராத விடையை என் நிரல் சுழியென்று எழுதிக்கொண்டது. அந்தப் பிழையே இன்றைய பேச்சுக்கு வித்து.

அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டு, அது வேகும்வரை எதிரே நின்றுகொண்டிருப்பவர் உண்டோ? அதற்குள் சட்னியை அரைத்து விடுகிறோம். கணிப்பொறியும் அப்படியே. தொலைவிலிருந்து விடை வரும்வரை சும்மா இராமல் வேறு பணிகளைக் கவனிக்கிறது. இதனை ஒத்திசையாச் செயல் என்பர்.

பள்ளிக் கணக்கில் சார்புகளின் சேர்ப்பைப் படித்திருப்பீர்கள். ஒரு சார்பின் விளைவை அடுத்த சார்புக்குக் கொடுப்பதே சேர்ப்பு. ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. மதிப்பெண்ணைக் கேட்டால் மதிப்பெண் உடனே கிடைப்பதில்லை. 'பின்னர்த் தருவேன்' என்னும் வாக்குறுதிதான் கிடைக்கிறது. முன்பெல்லாம் வங்கியில் காசோலையைக் கொடுத்ததும் பித்தளை டோக்கன் தந்தார்களே, அது போன்றது. டோக்கனே பணமாகிவிடாது. டானியல் ஃபிரீட்மன், டேவிட் வைஸ் என்னும் அறிஞர் இருவர் 1976-இல் இதற்குப் 'பிராமிஸ்' என்று பெயரிட்டனர். 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரவரையறையிலேயே அது இடம்பெற்றது.

டோக்கனை வைத்துக்கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? மூன்று முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 'மதிப்பெண் வந்ததும் விழுக்காடு கணக்கிடுக' என்று டோக்கனோடு ஒரு சார்பை இணைத்தல். விழுக்காட்டுக்கான புதிய டோக்கன் ஒன்று நமக்குக் கிடைக்கும். இதற்கு 'மேப்' என்று பெயர்.

இரண்டாவது, விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பதிவெண்ணையும், பதிவெண்ணைக் கொடுத்து மதிப்பெண்ணையும் கேட்டல். அடுத்த செயலும் டோக்கனையே தருவதால், டோக்கனுக்குள் டோக்கன் சிக்கிக்கொள்ளும். அவ்விரண்டையும் ஒன்றாக்கித் தருவது 'ஃபிளாட்மேப்'. இத்தகைய இணைப்பின் இலக்கணத்தையே 'மோனாட்' என்பர். நிரல்களின் பொருளை ஆராய அதனைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் யூஜினியோ மோஜி. அவருடைய கட்டுரைகள் 1989-இலும் 1991-இலும் வெளிவந்தன.

மூன்றாவது, ஒன்றையொன்று சாராத வேலைகளை ஒருங்கே தொடங்குதல். பத்து மாணவரின் மதிப்பெண்களை, ஆளுக்கு 2 வினாடி வீதம் ஒருவர்பின் ஒருவராகக் கேட்டால் 20 வினாடி ஆகும். ஒருங்கே கேட்டால் ஏறக்குறைய 2 வினாடியில் முடிந்துவிடக்கூடும்.

இனி அந்தச் சுழிக்கு வருவோம். டோக்கனுக்கு முடிவுகள் இரண்டு: ஒன்று விடை, மற்றொன்று தோல்வியும் அதன் காரணமும். நடுவில் ஒரு படி தவறினால், அடுத்துள்ள படிகள் இயங்கா. தோல்விச் செய்தி அவற்றைக் கடந்து, அதனைக் கவனிப்பதற்கென்று நாம் அமைத்த இடத்தை அடையும். நானோ அவ்விடத்தில் 'சுழி என்று கொள்க' என எழுதி வைத்திருந்தேன்! தோல்வியைத் தோல்வியென்றே சொல்லவிடாமல், அதற்குப் பொய்வேடம் புனைந்தவன் நானே.

பிறகு நிரலைத் திருத்தினேன். ஒவ்வொருவரின் முடிவையும் தனித்தனியே திரட்டி, சுழி நின்ற இடத்தில் 'விடை வரவில்லை. மீண்டும் கேட்க' என்று எழுதச் செய்தேன். மீண்டும் கேட்டபோது மதிப்பெண் வந்தது. பெண்ணின் பெயரும் பட்டியலில் ஏறியது.

இளைஞர்களே, நாளை நீங்கள் எழுதும் நிரல்களின் மறுமுனையிலும் யாரோ ஒருவர் காத்திருப்பார். 'தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் வெவ்வேறு விடைகள். அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.