ஓநாயும் மந்தைக்காரரும்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலோ, ஓநாய்க்காக மனிதர் இரங்குவதும், அவ்விரக்கத்தைக் கண்டு மந்தைக்காரர் சினப்பதும் பல்லாண்டுகளாக நிகழ்ந்து வருகின்றன. அடியோடு ஒழிக்கப்பட்ட ஓநாயை மீண்டும் கொணர்ந்து குடியேற்றுவது தக்கதா? குடியேறிப் பெருகியதை வேட்டையாடுவது முறையா? இவ்வழக்கில் இரு சாராரும் கூறும் நியாயங்கள் யாவை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் ஓநாய் ஒழிந்த வரலாற்றை அறிதல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ராக்கி மலைச் சாரலிலும் அதனை அடுத்த புல்வெளிகளிலும் பைசன் என்னும் காட்டு மாடுகள் துப்பாக்கிக்கு இரையாகி அருகின; அவை மேய்ந்த நிலங்களில் மந்தைகள் பெருந்தொகையாக விடப்பட்டன. இயல்பான இரையை இழந்த ஓநாய்கள் மந்தைகளை நாடின. மந்தைக்காரர் அவற்றைச் சுட்டனர். பொறி வைத்துப் பிடித்தனர். நம்மூர் எட்டிக்கொட்டையில் உள்ள விஷமாகிய ஸ்ட்ரிக்னைனை இறைச்சியில் வைத்துக் கொன்றனர். கொன்றவர்க்கு மாகாண அரசாங்கங்கள் வெகுமதி அளித்தன. 1915 முதல் மத்திய அரசாங்கமே சம்பளம் கொடுத்து வேட்டைக்காரரை அமர்த்தியது. 1872-இல் நிறுவப்பெற்ற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் ஓநாய்க்குப் புகலிடம் கிடைத்திலது. 1926-இல் அங்கே கடைசிக் குட்டிகள் கொல்லப்பட்டன.

ஓநாய் மறைந்தபின் எல்க் என்னும் பெரிய மான்கள் அப்பூங்காவில் மிகுந்தன. ஆற்றங்கரைகளிலுள்ள வில்லோ, ஆஸ்பென் மரங்களின் இளந்தளிர்களை அவை மேய்ந்து தீர்த்தமையால், புது மரங்கள் தலையெடுப்பது அரிதாயிற்று. வேட்டை விலங்கும் காட்டின் ஒழுங்குக்கு வேண்டற்பாலதே என்னும் கொள்கை அறிஞரிடையே மெல்ல மெல்ல வலுப்பெற்றது. 1973-இல் அருகிவரும் உயிர்களைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே ராக்கி மலை ஓநாய் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. நெடிய வாதங்களுக்குப் பின்னர், 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கனடாவினின்று 66 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் 31 யெல்லோஸ்டோனிலும், 35 ஐடஹோ மாகாணத்திலும் விடப்பட்டன.

மந்தைக்காரருடைய ஆட்சேபத்தை முற்றும் புறக்கணித்து இது செய்யப்பட்டது என்று கூறுதல் பொருந்தாது. 1982-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி இவ்வோநாய்கள் 'பரீட்சைக் கூட்டம்' என வகுக்கப்பட்டன. ஆதலின், தன் நிலத்தில் கால்நடையைத் தாக்கும் ஓநாயைக் கையுங்களவுமாகக் கண்டவன் சுடுவதற்கு இடமளிக்கப்பட்டது. விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1987 முதல் நன்கொடை திரட்டி, ஓநாயால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுத்து வந்தது. எனினும் மந்தைக்காரர் வழக்குத் தொடுத்தனர். 1997-இல் வயோமிங்கிலுள்ள நீதிபதி ஒருவர் ஓநாய்களை அகற்றுமாறு தீர்ப்பளித்து, மேல்முறையீடு முடியும் வரை அதனை நிறுத்தி வைத்தார். 2000-இல் மேல் நியாயஸ்தலம் அத்தீர்ப்பை மாற்றியது.

இனி மந்தைக்காரர் சொல்வதைக் கேட்போம். ஓநாயால் மாளும் மாடுகள் மொத்தத்தில் மிகச் சிலவே என்றும், நோயாலும் குளிராலும் ஈற்றுக் கோளாறுகளாலும் மாள்வன பன்மடங்கு அதிகம் என்றும் எதிர்க்கட்சியார் எடுத்துக் காட்டுவர். அஃது உண்மையே. ஆயினும் அந்நஷ்டம் எல்லார்க்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பெரும்பாலான பண்ணைகள் யாதொரு தீங்குமின்றித் தப்ப, ஓநாய்க் கூட்டத்தின் வழியில் அமைந்த ஒரு பண்ணை ஆண்டுதோறும் கன்றுகளை இழக்கும். ஈடு பெறவேண்டுமாயின், ஓநாயே கொன்றது என்பதற்குச் சான்று காட்டல் வேண்டும். விரிந்த மலைக்காட்டில் மேயும் கன்று காணாமற்போனால், உடல் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் கழுகும் கரடியும் உண்டது போக எஞ்சிய எலும்பு எதனைச் சாட்சி கூறும்? இரவெல்லாம் காவல் கிடக்கும் உழைப்புக்கும், அஞ்சியோடி இளைத்த மாட்டின் எடைக்கும் ஈடு கணிப்பார் யார்?

மறுசாராரின் நியாயமும் எளிதன்று. மந்தைகள் பல மேய்வது பொதுமக்களுக்கு உரிய அரசாங்க நிலத்திலேயே. அந்நிலத்தில் எவ்வுயிர் வாழலாம் என்று தீர்மானிக்கும் உரிமை நகரத்தார்க்கும் உண்டு என்பர் அவர். ஓநாய் திரும்பியபின் எல்க் மான்கள் குறைந்து, சிற்சில ஆற்றங்கரைகளில் வில்லோ மரங்கள் உயர்ந்ததையும் சான்றாகக் காட்டுவர். கரடி, மலைச்சிங்கம், வறட்சி, மனிதர் வேட்டை ஆகியவற்றுக்கும் இம்மாறுதலில் பங்குண்டு. ஓநாயின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்பட்டிலர்.

வேட்டையைப் பற்றிய வாதம் இதனினும் கடுமையானது. மூன்று மாகாணங்களிலும் சேர்த்து 30 இனப்பெருக்க ஜோடிகளும் 300 ஓநாய்களும் மூன்றாண்டு தொடர்ந்து இருத்தல் வேண்டும் என்ற இலக்கு 2002-இலேயே நிறைவேறியது. ஆயினும் பாதுகாப்பு நீக்கப்படுவதும் நியாயஸ்தலத்தால் மீள்வதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 2009-இல் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் முதன்முதலாக உரிமச் சீட்டுடன் வேட்டை நடந்தது. 2011-இல் காங்கிரஸ் சபையே சட்டமியற்றி அவ்விரு மாகாணங்களிலும் பாதுகாப்பை நீக்கியது. பூங்காவின் எல்லைக்கோட்டை ஓநாய் அறியாது. பார்வையாளர் பலர் அறிந்து போற்றிய பெண் ஓநாய் ஒன்று 2012 டிசம்பரில் எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. ஐடஹோவும் மொன்டானாவும் 2021-இல் வேட்டை விதிகளைப் பெரிதும் தளர்த்தின. அதனை அடுத்த குளிர்காலத்தில் யெல்லோஸ்டோன் ஓநாய்கள் சுமார் 25 எல்லைப்புறங்களில் மாண்டன.

இவ்வழக்கின் உள்ளீட்டைக் கொலராடோ மாகாணம் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கே 2020-இல் ஜனங்களின் வாக்கெடுப்பில், மிகச் சிறிய பெரும்பான்மையால், ஓநாயைக் குடியேற்றுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு வாக்குகளிற் பெரும்பகுதி கிழக்கேயுள்ள நகரங்களினின்று வந்தது. ஓநாய் வரவேண்டிய மேற்கு மலைப் பகுதியிலோ பெரும்பாலான மாவட்டங்கள் மறுத்தன. 2023 டிசம்பரில் ஆரிகனினின்று பத்து ஓநாய்கள் கொணரப்பட்டன. 2024-இலேயே சில பண்ணைகளில் மாடுகளும் ஆடுகளும் மாண்டன. வாக்களித்தவன் ஒருவன், கன்றை இழந்தவன் மற்றொருவன். அம்மாகாணம் ஒரு பிராணிக்கு 15,000 டாலர் வரை ஈடு கொடுக்கச் சட்டம் செய்திருப்பது இவ்வேற்றுமையை ஓரளவு உணர்ந்ததற்கு அறிகுறியாகும்.

நம் அபிப்பிராயத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். ஓநாய் வாழ்வதற்கு இடம் உண்டு; மந்தைக்காரர் வாழ்வதற்கும் இடம் உண்டு. ஓநாயின் ஊளையைக் கேட்டு மகிழ்பவர், அதன் உணவுக்கான விலையிலும் பங்கேற்றல் முறை. மாண்ட பிராணிக்கு ஈடு கொடுப்பதோடு அமையாது, குதிரையேறிச் சுற்றும் காவலர்க்கும், ஓநாய் அஞ்சி விலகும் செந்நிறக் கொடிக்கயிறுகளுக்கும், காவல் நாய்களுக்கும் முன்னரே பொருள் உதவுதல் நன்று. வேட்டை வேண்டுமாயின், கணக்கெடுத்து அளவிட்டு நடைபெறல் வேண்டும், சினத்தால் நடைபெறலாகாது. மந்தைக்காரன் பகைவனாக நடத்தப்படும் வரையில், எச்சட்டமும் இருளில் அவன் துப்பாக்கியைத் தடுக்க இயலாது. அவனைத் துணைவனாக்கிக் கொள்ளும் நாடே ஓநாயையும் காத்துக்கொள்ளும்.