பெட்டியின் சாவி யாரிடம்?

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்திலோ ஆவடி கோவில்பதாகையிலோ பூந்தமல்லி கரையான்சாவடியிலோ சிறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் ஒரு வீட்டில் இணையம் நின்றுபோனால், முதல் போன் ஏரியா கேபிள்காரருக்குத்தான் போகும். “அண்ணே, நெட் வரலை” என்ற அந்த ஒரு வரிக்குள் நாலைந்து கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். மெட்ரோ வேலைக்கோ மழைநீர் வடிகாலுக்கோ தோண்டிய பள்ளத்தில் ஃபைபர் அறுந்திருக்கலாம். தெருவில் கரண்ட் போயிருக்கலாம். மோடம் சூடேறித் திணறிக்கொண்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும், பிள்ளை உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதால் வைஃபை எட்டாமல் இருக்கலாம். எது என்று தெரியாமலே லைன்மேன் வண்டியை எடுக்கிறார். சி.டி.எச். சாலை நெரிசலில் நீந்திப் போய்ச் சேர்ந்து, மோடத்தை ஒரு முறை அணைத்துப் போடுகிறார். சரியாகிவிடுகிறது. இரண்டு நாளில் அதே வீட்டிலிருந்து மறுபடியும் போன்.

வீட்டுக்கு எந்த ரவுட்டர் தருவது என்று சிறு இணைய நிறுவனங்கள் முடிவெடுக்கும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: விலை என்ன, ஆன்டெனா எத்தனை. இரண்டுமே பின்னால் கேட்க வேண்டியவை. அந்தப் பெட்டியை வீட்டுக்குப் போகாமலே பார்க்கவும் திருத்தவும் யாரால் முடியும் என்பதுதான் முதல் கேள்வி. அந்தத் திறன் நிறுவனத்தின் சொந்தக் கையில், பொதுத் தரநிலையின் வழியாக, வாடிக்கையாளருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்பது என் வாதம். மேற்குப் புறநகரின் சிறு நிறுவனங்கள் நாடு தழுவிய நிறுவனங்களுக்கு எதிரே நிலைத்து நிற்பது இந்த ஒரு தேர்வைப் பெரிதும் பொறுத்தது என்று நினைக்கிறேன்.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஃபைபரில் இடம் தாராளமாக இருக்கிறது. ஜிபான் முறையில் ஒரே இழை நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் சுமந்து வருகிறது. அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நெருக்கடி கடைசிப் பத்து மீட்டரில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அரை கிரவுண்டில் இரண்டு மாடியும் நான்கு குடித்தனமுமாக நெருங்கி நிற்கும் தெருக்களில், ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தாலே பதினைந்து இருபது வைஃபை பெயர்கள் தெரியும். அத்தனையும் அந்த மூன்று சேனல்களுக்குள் முட்டி மோதுகின்றன. இதற்கு மேல் கேபிள் டிவி விட்டுச்சென்ற பழக்கம் ஒன்றும் உண்டு. மொட்டை மாடியிலிருந்து இறங்கிய ஒயர் ஹாலில் டிவி பக்கத்தில் வந்து நின்றது. அதே துளை வழியாக ஃபைபரும் வந்தது. மோடமும் டிவி ஸ்டாண்டு மேலேயே அமர்ந்துவிட்டது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி அது படுக்கையறைக்குப் போக வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் குறைவு. 2018 அக்டோபரில் மத்திய அரசு அதில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவை உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் அது சுவரைத் துளைப்பதில் பலவீனம். ஆகவே இரண்டு பட்டையும் உள்ள பெட்டி வேண்டும். பெரிய வீடானால் ஈதர்நெட் ஒயரால் இணைத்த இரண்டாவது பெட்டியும் வேண்டும். 2.4 மட்டுமே உள்ள மலிவு மோடத்தை மாட்டிவிட்டு ‘100 எம்பிபிஎஸ் பிளான்’ விற்பது, கொடுக்க முடியாததை விற்பது. வாடிக்கையாளர் மொபைலில் வேகம் பார்த்து, பாதிகூட வரவில்லை என்று சொன்னால் அவர்மேல் தப்பில்லை.

இரட்டைப் பட்டைப் பெட்டியானாலும், அதன் நிலவரம் ஆபரேட்டரின் பார்வைக்குத் தெரியாவிட்டால் பயன் பாதிதான். இங்கே பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. ஆபரேட்டர் பக்கத்தில் ஃபைபர்களை இணைக்கும் ஓஎல்டி கருவியின் திரையில் ஒவ்வொரு வீட்டின் ஒளி அளவும் தெரிகிறதே, மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனால் சிவப்பு காட்டுகிறதே, அதுவே நிர்வாகம்தானே என்பார்கள். அது ஃபைபர் பக்கத்து நிர்வாகம். அதற்கும் பயன் உண்டு. மின்சாரம் போகும் தறுவாயில் மோடம் கடைசி மூச்சாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணையும். அந்தச் செய்தி வந்திருந்தால் கரண்ட் கட், வராமல் இணைப்பு மட்டும் அறுந்தால் ஃபைபர் கட் என்று உட்கார்ந்த இடத்திலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் தண்ணீரில் நின்ற நாட்களைப் போன்ற சமயத்தில், இருக்கிற நாலு ஆட்களை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவது என்பதை இதுதான் தீர்மானிக்கும். ஆனால் வைஃபை பக்கம் இதில் போதிய அளவு தெரியாது. எந்தச் சேனலில் ஓடுகிறது, உள் அறை மொபைலுக்குச் சிக்னல் எவ்வளவு, மோடம் எத்தனை முறை தானே ரீஸ்டார்ட் ஆனது என்பதெல்லாம் தெரிய டிஆர்-069 வேண்டும். 2004-இல் வெளியான தரநிலை இது. 2018-இல் வந்த டிஆர்-369 அதன் வாரிசு. நிறுவனத்தின் சர்வரில் ஏசிஎஸ் என்ற மென்பொருள் இருக்கும். ஒவ்வொரு மோடமும் குறித்த இடைவெளியில் அதனிடம் தன் நிலவரத்தைச் சொல்லி, கட்டளை இருந்தால் வாங்கிக்கொள்ளும். ஜீனிஏசிஎஸ் போன்ற திறந்த மென்பொருளே இதற்கு உண்டு.

‘எல்லாம் சரி, கட்டுப்படியாகுமா?’ என்பது நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் இணைப்பு; நல்ல பெட்டிக்கும் மலிவுப் பெட்டிக்கும் விலை வித்தியாசம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லட்சம். லைன்மேன் ஒரு முறை போய்வர, சம்பளமும் பெட்ரோலும் சேர்த்து 150 ரூபாய் என்றால், 4,000 நடை மிச்சமானால் முதல் திரும்பிவிடும். ஐந்து ஆண்டில் வீட்டுக்கு நான்கு நடை. ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை. இணைப்பை விட்டு விலகிப்போகாமல் நிற்கும் வாடிக்கையாளரின் மாதக் கட்டணம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: பெட்டி ஐந்து ஆண்டு உழைக்க வேண்டும். இரண்டே ஆண்டில் செத்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு நடை மிச்சமாக வேண்டும், அது கடினம். ஆகவே அடாப்டரின் தரம், காற்றோட்டம், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் திறன், அடுத்தடுத்த மென்பொருள் புதுப்பிப்புக்கு இடம் கொடுக்கும் நினைவகம் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பளபளப்பான ஆன்டெனாவில் தாராளமாகப் பிடிக்கலாம்.

‘கம்பெனிக்காரனே கிளவுட் தருகிறான், ஆப் தருகிறான், நமக்கு எதற்கு சர்வர் தலைவலி?’ என்ற எதிர்க்கேள்விக்கு, சென்னைக் கேபிள் தொழிலின் சொந்த வரலாறே பதில். 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி கட்டணச் சேனல்களுக்கு செட்-டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை சென்னையில் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த ஊர் ஆபரேட்டர்கள் அனுபவத்தில் படித்த பாடம், பாக்ஸ் யாருடைய பூட்டில் இருக்கிறதோ வாடிக்கையாளரும் அவருடைய பிடியில் என்பது. சிக்னல் தரும் நிறுவனத்தை மாற்ற வேண்டுமானால் வீடு வீடாகப் பாக்ஸை மாற்ற வேண்டும். 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. பாக்ஸ்களை இயக்கிய மென்பொருள் ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. பிணக்கு முற்றியபோது தமிழகமெங்கும் லட்சக்கணக்கான வீடுகளில் திரை இருண்டது. மாநில அரசின் நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டாயிரம் இணைப்பு வைத்திருக்கும் ஆவடி ஆபரேட்டர் யாரிடம் போய் முறையிடுவார்? தயாரிப்பாளரின் கிளவுட் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடங்குகிறவருக்கு அது வசதிதான். ஆனால் அதே பெட்டி நம்முடைய ஏசிஎஸ்ஸுக்கும் மாறிவர வேண்டும். வேறு ஓஎல்டியோடும் பேச வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் மென்பொருள் திருத்தம் இத்தனை ஆண்டு வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் பாதுகாப்பு பற்றியது. எல்லா மோடத்துக்கும் பொதுவான ஒரு கதவு வைத்தால், திருடனுக்கும் அது ஒரே கதவு. உண்மை. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாமில் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு நிலைகுலைந்தது. தாக்கியவர்கள் குறிவைத்தது டிஆர்-069 பயன்படுத்தும் 7547 என்ற போர்ட்டைத்தான். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் 72 மணி நேரத்தில் செங்கல்லாகிப்போய், பெட்டியையே மாற்ற வேண்டிவந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் தீம்பொருளால் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே அதற்கு இரையாயின. யாரும் கவனிக்காமல் விட்ட பெட்டி பாதுகாப்பான பெட்டி ஆகிவிடாது. ஓட்டை இருப்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். செய்ய வேண்டியவையும் கைக்கு எட்டாதவை அல்ல: நிர்வாகப் போக்குவரத்தை விலான் என்ற தனித் தடத்தில் ஒதுக்குவது, வெளி இணையத்திலிருந்து 7547-ஐத் தொட முடியாமல் அடைப்பது, பெட்டிக்குப் பெட்டி வேறு கடவுச்சொல், ஏசிஎஸ்ஸோடு மறையாக்கம் செய்த பேச்சு மட்டும். இவற்றில் ஒன்றையாவது ‘எங்கள் மாடலில் வராது’ என்று விற்பனையாளர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தொலைத்தொடர்புத் துறையின் கட்டாயச் சோதனைச் சான்றும், 2021 ஜூன் முதல் நடப்பில் உள்ள நம்பகமான மூலம் என்ற ஒப்புதலும் அந்த மாடலுக்கு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

வீட்டாரின் அந்தரங்கம் இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது. ஏசிஎஸ் திரையில் அந்த வீட்டில் எத்தனை மொபைல், அவற்றின் பெயர் என்ன, எந்த நேரத்தில் எது விழித்திருக்கிறது என்பது தெரியும். ‘அம்மா போன்’ இரவு இரண்டு மணிக்கு இயங்குவது தெரியும். ஒரே தெருவில் வாழும் ஆபரேட்டருக்கு இது தெரிவது, எங்கோ இருக்கும் நிறுவனத்துக்குத் தெரிவதை விட அபாயம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. சட்டம் கேட்பதற்கு முன்பே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இது. சிக்னல் அளவு வேண்டும், கருவியின் பெயர் வேண்டாம். புகார் வந்தால் திறந்து பார்க்கலாம், சும்மா இருக்கும்போது பார்க்கக் கூடாது. யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். சந்தா படிவத்திலேயே இதைத் தமிழில் நாலு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கலாம். வேண்டாம் என்கிறவருக்கு நம் பெட்டியை வெறும் ஃபைபர் முனையாக மாற்றிக் கொடுத்து, அவர் சொந்த ரவுட்டரை மாட்டிக்கொள்ள விடலாம். அந்த பிரிட்ஜ் முறை தடங்கலில்லாமல் வேலை செய்கிறதா என்பதும் பெட்டியைத் தேர்வதற்கான அளவுகோலில் ஒன்று.

சொந்த உரிமம் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் பெயரில் இணைப்பு தரும் கேபிள்காரர்களுக்கு இந்தத் தேர்வே கையில் இல்லையே என்று கேட்கலாம். மேலே இருப்பவர் கொடுக்கிற மோடம்தான் அவர்களுக்கு. ஆனாலும் தன் ஏரியாப் பெட்டிகளின் நிலவரத்தைப் பார்க்கும் அனுமதியை ஒப்பந்தத்தில் கேட்கலாம். புகாரை வாங்குகிறவர் அவர். மழையில் கம்பத்தில் ஏறுகிறவரும் அவர் ஆட்கள்.

சொந்தமாக வாங்க முடிந்தவர் ஆயிரம் பெட்டிக்கு ஆர்டர் போடும் முன் பத்து வாங்கிப் பார்க்கட்டும். கத்திரி வெயில் நாட்களில் இரண்டை ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மாட்டலாம். இரண்டை, பதினைந்து இருபது வைஃபை தெரியும் அடுக்ககத்தில் வைக்கலாம். ஒன்றில் மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கி, மறுபடி எழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒன்றைத் தயாரிப்பாளர் கிளவுடிலிருந்து தம் ஏசிஎஸ்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். மீதியில் மூன்றை வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலும் கடைகளிலும் பிரித்துக் கொடுக்கலாம். பத்தாவது பெட்டி, மாதத்துக்கு மூன்று முறை போன் செய்யும் வாடிக்கையாளர் வீட்டுக்கே போகட்டும்.