பல்லில் பிடிக்கும் பசை

சொத்தையைக் குடைந்தெடுத்த குழியில் பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் காம்போசிட் அடைப்பு பல்லோடு தானாக ஒட்டிக்கொள்வதில்லை. அது பிசினும் கண்ணாடித் துகளும் கலந்த கூழ். பல்லோ ஈரம் கசியும் தாதுப்பொருள். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது நடுவே பூசப்படும் மெல்லிய பசைப்படலம். பல் மருத்துவர்கள் இதை ‘பாண்டிங்’ என்கிறார்கள். ஒரு சொட்டே போதும். சிறு தூரிகையால் தேய்த்துப் பூசி, காற்று ஊதி, நீல ஒளி காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். அடைப்பு பல வருடம் நிற்குமா, சீக்கிரமே கழன்று விழுமா என்பது பெரும்பாலும் இந்தப் படலத்தின் கையில்தான் இருக்கிறது.

முந்தைய தலைமுறையின் வெள்ளி அடைப்புக்கு இப்படி ஒரு பசை தேவைப்படவில்லை. குழியின் வாயைக் குறுக்கி, அடியை அகட்டி வெட்டி, பாதரசக் கலவையை அதில் திணித்தால் அது வெளியே வர வழியில்லாமல் நின்றுகொள்ளும். அந்த வடிவத்துக்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. வெள்ளி அடைப்பு பின்வாங்கப் பின்வாங்கப் பசையின் பொறுப்பு கூடிக்கொண்டே வருகிறது.

பல்லில் பசை கொண்டு ஒட்டும் முறையின் தொடக்கம் 1955. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், உலோகத் தகட்டில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைக் கவனித்தார். அதையே பல்லின் எனாமலில் தடவிப் பார்த்தார். எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். அமிலம் பட்டதும் அதன் வழவழப்பு போய், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுகின்றன. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகிக்கொள்கிறது. புவனகோர் எடுத்தது 85 சதவீத அமிலம். இன்று 35 முதல் 37 சதவீதக் கூழை 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவிவிடுகிறார்கள். எனாமலைப் பொறுத்தவரை இதைவிட நம்பகமான வழி இன்னும் வரவில்லை.

உள்ளே இருக்கும் டென்டினில்தான் சிக்கல். அதில் தாதுப்பொருள் எழுபது சதவீதம்தான். இருபது சதவீதம் பெரும்பாலும் கொல்லாஜன் என்னும் புரத இழைகள், மிச்சம் தண்ணீர். போதாததற்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் எனாமல் பக்கம் சுமார் 20,000, பல்லின் நடுவே உள்ள உயிர்த்திசுவான பற்கூழின் பக்கம் சுமார் 45,000 என நுண்குழல்கள். அவற்றின் வழியே திரவம் மேலே ஊறிக்கொண்டே இருக்கும். பிசினுக்கோ தண்ணீர் ஆகாது. அதோடு, டென்டினில் அமிலம் வைத்தால் அந்தக் குழல்கள் வழியே இறங்கிப் பற்கூழ் செத்துவிடும் என்ற அச்சம் மேலை நாடுகளில் வெகுகாலம் இருந்தது. ஜப்பானியப் பேராசிரியர் தகாவோ ஃபுசயாமா 1979இல் எனாமல், டென்டின் இரண்டுக்கும் சேர்த்தே அமிலம் வைக்கும் முறையை வெளியிட்டார். 1982இல் நோபுவோ நகபயாஷி அங்கே நடப்பது என்ன என்று காட்டினார். அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொல்லாஜன் வலை வெறுமையாக நிற்கிறது. பிசின் அந்த வலைக்குள் ஊடுருவி இறுகி, பாதி பல்லும் பாதி பிசினுமான ஒரு கலப்பு அடுக்கு உண்டாகிறது. அதன் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான்.

அந்த வலை நிமிர்ந்து நிற்பதற்கு ஈரம் வேண்டும். பூக்கட்டுகிறவர்கள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்தே வைத்திருப்பார்கள். காய்ந்தால் நார் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொல்லாஜனும் அப்படித்தான். அமிலத்தைக் கழுவியபின் பலமாகக் காற்று அடித்து உலர்த்தினால் வலை படிந்துபோய்ப் பிசின் நுழைய இடம் இருக்காது. ஈரம் அதிகமாக இருந்தாலோ பிசின் நீர்த்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதை அளந்து காட்டும் கருவி எதுவும் கிளினிக்கில் கிடையாது. கை அனுபவம் ஒன்றே வழி. 1990களில் அமெரிக்கரான ஜான் கான்கா ஈரப் பரப்பில் ஒட்டும் முறையைப் பரப்பியபின் பலன்கள் மேம்பட்டன. ஆனாலும் ஒரே பசை ஒரு மருத்துவரிடம் நிற்பதும் இன்னொருவரிடம் தோற்பதும் ஓயவில்லை.

இந்தத் தலைவலிக்கு விடையாக வந்தது, தானே அமிலமாகவும் பசையாகவும் வேலை செய்யும் வகை. தனியாக அமிலம் வைத்துக் கழுவும் வேலையே இதில் இல்லை. பசையில் உள்ள அமில மூலக்கூறுகள் டென்டினை லேசாகக் கரைத்துக்கொண்டே உள்ளே போகின்றன. கரைந்த ஆழமும் பிசின் இறங்கிய ஆழமும் ஏறக்குறைய ஒன்றாக அமைகின்றன. இவற்றில் மதிப்பு மிக்க மூலக்கூறு எம்.டி.பி. ஜப்பானின் குராரே நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பே கொள்ளக்கூடியது. அந்தப் பிணைப்பு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. இந்த வகைப் பசையின் குறை எனாமலில் தெரியும். மென்மையான அமிலம் என்பதால் அங்கே ஆழமாகப் பொறிக்காது. சில வருடங்களில் அடைப்பின் ஓரம் கறுக்கத் தொடங்கும். எனவே எனாமல் ஓரத்துக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் வைத்துக் கழுவிவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் இந்தப் பசையைப் பூசுவது இப்போது பரவலான வழக்கம். 2010களில் சந்தைக்கு வந்த ‘யுனிவர்சல்’ பாட்டில்கள் எந்த முறைக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டவை, பெரும்பாலானவற்றில் எம்.டி.பி. இருக்கிறது.

எந்தப் பாட்டில் சிறந்தது என்று கேட்பதைவிட எந்தப் பல்லுக்கு என்று கேட்பதே சரி. காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ்ந்த தொட்டியம் போன்ற ஊரில் பல் நாற்காலியில் அமர்பவர்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரு சிறுமிக்குக் கடைவாய்ப் பல்லில் புதிய சொத்தை. சுற்றிலும் நல்ல எனாமல் இருப்பதால் எந்த முறையும் பிடிக்கும். பல வருடம் வெற்றிலை பாக்கு மென்ற பெரியவருக்கு நிலைமை வேறு. பாக்கை அரைத்து அரைத்து எனாமல் தேய்ந்து, பழுப்பேறிய டென்டின் கண்ணாடிபோல் பளபளக்கும். கரித்தூளோ செங்கல்தூளோ போட்டு விரலால் அழுத்தித் தேய்த்தவர்களுக்கு ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுந்திருக்கும். இத்தகைய முதிர்ந்த டென்டினில் நுண்குழல்கள் தாது அடைத்து மூடிக்கிடக்கும். கூச்சமே இருக்காது, பசையும் சரியாக இறங்காது. மேற்பரப்பை ‘பர்’ என்னும் சுழலும் குடைமுனை கொண்டு லேசாகச் சுரண்டிவிட்டு, எம்.டி.பி. உள்ள பசையை வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்துப் பூசுவது பலன் தரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர்களின் பல் மற்றொரு வகை. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். எனாமல் உருவாகும் சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் நிற்கும். அந்த எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்குச் சுலபமாக மசியாது. அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும், அல்லது மேலடுக்கை மெல்லச் சீவிவிட வேண்டும். அமிலம் வைக்காத பசையை மட்டும் நம்புவது இங்கே தவறு.

கழுவும் தேவை இல்லாததால், தானே அமிலமாகவும் வேலை செய்யும் வகைப் பசையில் அடைத்தபின் கூச்சம் குறையும் என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பூசும் விதம்தான் முக்கியம். காம்போசிட் இறுகும்போது கன அளவில் இரண்டு முதல் மூன்று சதவீதம் சுருங்குகிறது. அந்த இழுவை முழுவதும் பசை மேல் விழும். ஒரேயடியாக நிரப்பாமல் சிறிது சிறிதாக வைத்து ஒளி காட்டுவதன் காரணம் இதுதான். ஒளிக்கருவியின் முனையில் பழைய பிசின் படிந்திருந்தாலோ பேட்டரி தளர்ந்திருந்தாலோ மேலே இறுகி அடியில் பச்சையாக நிற்கும். எச்சிலோ ரத்தமோ பட்ட பரப்பில் எந்த நாட்டுப் பசையும் பிடிக்காது. ரப்பர் டேம் என்னும் ரப்பர் விரிப்பால் பல்லைத் தனிமைப்படுத்துவது, விலை கூடிய பாட்டிலை வாங்குவதைவிட உபயோகமானது.

கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் திருச்சி வட்டாரத்தில் இன்னொரு கவனம் வேண்டும். பசைகளில் கரைப்பானாக இருப்பவை அசிட்டோன், எத்தனால், தண்ணீர். அசிட்டோன் மிக வேகமாக ஆவியாகும். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தால் உள்ளே உள்ளது கெட்டியாகிவிடும். அடிக்கடி மின்வெட்டு வந்து அறை சூடாகும் இடத்துக்கு எத்தனால் அல்லது தண்ணீர் கரைப்பான் கொண்டவை பொறுத்துப் போகும். குளிர்ப்பெட்டியில் வைப்பதா, அறையில் வைப்பதா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரீடம் ஒட்டுவதற்கோ வேர்ச்சிகிச்சை செய்த பல்லில் தூண் நிறுத்துவதற்கோ ஒளியில்லாமல் தானே இறுகும் சிமென்ட் பயன்படுத்தினால், சில ஒற்றைப் பாட்டில் பசைகளின் அமிலம் அந்தச் சிமென்ட்டை இறுக விடாது. பல பசைகளில் உள்ள ஹெமா என்ற மூலக்கூறு சாதாரணக் கையுறையையும் ஊடுருவித் தோல் ஒவ்வாமை உண்டாக்கும்; அதில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் மருத்துவரும் உதவியாளரும்தான்.

சில பல்லுக்குப் பசையே வேண்டாம். ஈறுக்குக் கீழே இறங்கிய, உலர்த்தவே முடியாத குழிக்குக் கிளாஸ் அயனோமர் சிமென்ட் பொருத்தம். பிரிட்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பல்லின் கால்சியத்தோடு தானே பிணையும், ஃபுளோரைடையும் மெல்லக் கசியவிடும். இதைக் கொண்டு டிரில் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையை எடுத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் தொடங்கி, மின்சாரம் எட்டாத ஊர்களுக்கும் பரவியது. மெல்லும் பரப்பில் இது காம்போசிட் அளவுக்கு உழைக்காது. இருந்தாலும் நனைந்த குழியில் பிடிவாதமாகக் காம்போசிட் வைப்பதைக் காட்டிலும் இதுவே நேர்மையான சிகிச்சை.

பல் அடைக்கப் போகிறவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய சங்கதிகள் இரண்டு. பல்லை அண்மையில் வெளுக்க வைத்திருந்தால் அதில் தங்கிய ஆக்சிஜன் பசை இறுகுவதைத் தடுக்கும். ஓரிரு வாரம் பொறுத்து அடைப்பது வழக்கம். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதில் உள்ள யூஜினால் மிச்சமிருக்கும் குழியில் பசை இறுகாது. முதலில் அதை முழுவதும் சுத்தம் செய்தாக வேண்டும்.