பச்சைமலை அடிவாரத்து வண்டிகளும் ஏபிஎஸ் விளக்கும்

மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரில் மலைக்கும் வயலுக்கும் ஓடுகிற பழைய ஸ்கார்பியோ, சஃபாரி வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. காலையில் சின்ன வெங்காயக் காட்டின் கரிசல் சேறு, மதியம் பச்சைமலைச் சரளைப் பாதை, சாயங்காலம் பெரம்பலூரைத் தொட்டுப் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. இப்படி உழைக்கும் வண்டியில் ஒருநாள் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரியும், அணையாது. பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது என்று பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். சிலர் விளக்கையே கழற்றிவிடுகிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கோளாறு பெரும்பாலும் கைக்கு எட்டும் இடத்தில், சக்கரத்தின் உட்புறத்திலேயே இருக்கிறது.

ஈரத் தார்ச்சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கும் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கட்டுப்படாது. ஏபிஎஸ் செய்வது இதைத் தடுப்பதுதான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் சட்டென்று வேகம் குறைந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினிப் பெட்டி புரிந்துகொண்டு அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். பெடல் காலுக்கடியில் அதிர்வது அதனால்தான். 1950களில் டன்லப் நிறுவனம் விமானச் சக்கரங்களுக்காக இதே எண்ணத்தில் மாக்ஸரெட் என்ற கருவியைச் செய்தது. கார்களுக்கான மின்னணு ஏபிஎஸ்ஸை 1978இல் போஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கொண்டுவந்தது. இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன் வந்த வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது என்றால் பெரும்பாலும் முதல் உரிமையாளர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்.

விளக்கு எரிந்தால் முதலில் எந்த விளக்கு என்று பாருங்கள். மஞ்சள் மட்டும் எரிந்தால் ஏபிஎஸ் தன்னை நிறுத்திக்கொண்டது, சாதாரண பிரேக் இருக்கிறது. சிவப்பும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பின்சக்கரத்துக்கான அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் போயிருக்கலாம். அப்போது அவசரமாக மிதித்தால் பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டி, வண்டி சுழலும்.

அடுத்தது ஸ்கேனர். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவான கருவிகளில் ஏபிஎஸ் கோளாறு தெரியாது. ஏபிஎஸ் பெட்டியோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். எந்தச் சக்கரம் என்று அது காட்டிவிடும். ஆனால் முன் இடது சென்சார் என்று வந்ததும் புது சென்சார் வாங்க ஓடக் கூடாது. அந்தச் சுற்றில் கோளாறு என்பது மட்டுமே அதன் பொருள். சென்சார், ஒயர், சக்கரத்தோடு சுழலும் பல்வளையம், பேரிங் நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றி சென்சாரை வெளியே இழுத்துப் பாருங்கள். பழைய வகைச் சென்சாரின் நுனியில் காந்தம் இருக்கும். பிரேக் டிஸ்க் தேயும்போது பறக்கும் இரும்புத் தூள் அதில் ஒட்டி, கருப்புத் தாடி மாதிரி முளைத்திருக்கும். சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அந்தத் தூளும் காய்ந்த கரிசலும் அங்கே அடைத்துக்கொண்டால் சைகை சிதறிவிடும். துணியால் துடைத்து, சென்சார் உட்காரும் துளையின் துருவையும் சுரண்டி எடுத்தால் பல வண்டிகள் அதோடு சரியாகிவிடும். துளைக்குள் துரு ஊதினால் சென்சார் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

பல்வளையத்தைச் சக்கரத்தைச் சுற்றியபடி முழுதாகப் பார்க்க வேண்டும். துருவேறி ஒரு இடத்தில் விரிசல் விட்டிருந்தால் விசித்திரமான ஒரு தொல்லை வரும்: விளக்கு எரியாது, ஆனால் மெதுவாக வந்து நிற்கப் போகும் கடைசி நொடியில் காரணமே இல்லாமல் பெடல் கடகடவென்று அதிரும். விரிசல் கடக்கும்போதெல்லாம் சக்கரம் நின்றுவிட்டதாகக் கணினி ஏமாறுகிறது. பேரிங் ஆடினாலும் இடைவெளி மாறி இதே ஏமாற்றம்தான். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து அசைத்தால் ஆட்டம் தெரிந்துவிடும்.

ஒயரில் கவனம் முன்சக்கரங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அதுவும் வளைகிறது; மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். இரண்டு ஒயர் கொண்ட பழைய காந்தச் சென்சாரில் மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக ஆயிரம், இரண்டாயிரம் ஓம் காட்டும். ஒயரை மெல்ல வளைத்துக்கொண்டே அளவிடுங்கள். எண் துள்ளினால் அறுந்த இடம் அதுதான். புதிய வகை மின்னோட்டச் சென்சார்களை இப்படி ஓம் வைத்துச் சோதிக்கக் கூடாது, கெட்டுவிடக்கூடும். ஓடையில் இறங்கி ஏறிய வண்டிகளில் இணைப்புக் குழிக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கரமும் சுத்தம், ஒயரும் சரி என்றால் பேட்டரி, பியூஸ், சேஸிஸில் முடுக்கிய எர்த் ஒயர், பிரேக் லைட் சுவிட்ச் என்று போகலாம். டயரையும் பாருங்கள். முன்னால் ஒரு அளவு, பின்னால் அதைவிடப் பெரிய டயர் போட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலை விட்டு விட்டுப் பிடிக்கும் அழுத்தப் பெட்டியை மாற்றச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டிய பேச்சு. அது விலை அதிகம், தானாகக் கெடுவதும் குறைவு. கெடுகிறது என்றால் பெரும்பாலும் வருடக்கணக்கில் மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வால்வுகளைத் துருவேற்றியதால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது அதைக் காக்கும்.

மண் ரோட்டுக்கு ஏபிஎஸ் வேண்டியதில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை. தளர்ந்த சரளையில் பூட்டிய சக்கரம் தன் முன்னால் கல்லைக் குவித்து வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் வண்டி இன்னும் சற்று தூரம் ஓடித்தான் நிற்கும். ஆனால் மலை வளைவில் எனக்குத் தேவை ஸ்டியரிங் கேட்கிற வண்டி. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்கினால் அந்தக் கூடுதல் தூரமும் தொல்லையாகாது. அதே வண்டி அன்று மாலையே மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடப் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

பழுது பார்த்த பிறகும் விளக்கு உடனே அணையாவிட்டால் பதற வேண்டாம். பல வண்டிகளில் நான்கு சைகையும் சரியாக வருகிறதா என்று கணினி கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளும். பிறகு ஆளில்லாத திடலில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பெடல் அதிர்ந்து, ஸ்டியரிங் திரும்பினால் வேலை முடிந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியின் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.