மூன்று விரற்கடைக் கணக்கு

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் ஒரு கட்டுத்தறி. இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள், ஒரு கன்று. சுவரில் அடித்த ஆணியில் சணல் கயிறுகள் கொத்தாகத் தொங்கின. எதற்கு என்று கேட்டேன். "வைக்கோல் உருட்டுக் கட்டைப் பிரிச்சதும் கயித்தை ஆணியில மாட்டிடணுங்க. ஒன்னு கொறஞ்சா மாட்டு வயித்துல தேடணும்" என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கயிற்றை எண்ணாமல் கட்டை உதறியதில்லையாம்.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றித் தீனியை வளைத்து இழுக்கும். ஒப்புக்கு மென்று விழுங்கிவிட்டு, படுத்தபின் அசைபோடும். தின்னும்போது பொறுக்கிப் பார்க்கும் வேலை அதற்கு இல்லை. வைக்கோலோடு கயிறும் போகும். சணல் கயிறு போனால்கூட ஏதோ பிழைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கயிறு செரிக்காமல் இரைப்பையில் உருண்டு சேரும். கம்பித்துண்டு இன்னும் மோசம்: எடையால் இரண்டாம் இரைப்பைக்குப் போய் உட்காரும். உள்ளே தேன்கூடு போலிருக்கும் அந்தப் பையின் முன்புறம் உதரவிதானம். அதற்கு அந்தப்பக்கம் இதயம். கம்பி குத்திக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தர்மபுரி கேழ்வரகும் சாமையும் சோளமும் விளையும் மேட்டுநிலம். இங்கே மாட்டுக்குப் பழக்கமான காய்ந்த தீனி கேழ்வரகுத் தாளும் சோளத்தட்டும்தான். நெல் வைக்கோலைவிடக் கேழ்வரகுத் தாள் நன்றாகச் செரிக்கும் என்பது ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்ளும் விஷயம். நெல்லின் தாளில் மணல்சத்தான சிலிக்கா மிகுதி, அதுவும் தண்டைவிட இலையில் அதிகம். மற்ற தானியங்களில் இலைதான் எளிதாகச் செரிக்கும். நெல்லில் அந்த வழக்கம் தலைகீழ். ஆனாலும் மழை பொய்த்த வருஷம் வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்குவது நெல் வைக்கோல்தான். அது இப்போது பெரும்பாலும் உருட்டுக் கட்டாக வருகிறது. கதிரறுக்கும் இயந்திரம் வயலில் வரிசையாகக் கொட்டிப்போகும் நைந்த வைக்கோலைக் கையால் முடிபோட்டுக் கட்ட முடியாது. டிராக்டருக்குப் பின்னால் பேலர் என்னும் கட்டுப்போடும் இயந்திரம் வந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கயிறு சுற்றிப் போட்டுவிடுகிறது.

இந்தச் சுருட்டும் யோசனை அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்தது. அம்மோ லூபன் என்பவர் 1910-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1947-இல் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய உருளைகள் வந்தது 1970-களின் தொடக்கத்தில், வெர்மீர் நிறுவனத்தின் இயந்திரத்தால். நம்மூர்க் கட்டு அதன் பேரப்பிள்ளை: இருபது கிலோ சுமாருக்கு, ஒரு ஆள் தோளில் தூக்குகிற அளவு.

உருளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தாள்கள் சுற்றளவைத் தழுவிக் கிடப்பதால், படுக்கவைத்தால் கூரைபோல் மழைநீரை வழித்துவிடும். தட்டையான முகத்தை மேலே வைத்து நிமிர்த்தினால் போயிற்று. சுருளின் இடுக்கு ஒவ்வொன்றும் தண்ணீரை உள்ளே இறக்கும். அடியில் கல்லோ கட்டையோ போடாமல் தரையில் கிடத்தினாலும் ஈரம் ஏறும்.

இங்கேதான் வட்டத்தின் கணக்கு ஆளை ஏமாற்றும். 60 செ.மீ. குறுக்களவுள்ள கட்டில் வெளிப்புறம் சுற்றிலும் 5 செ.மீ., அதாவது மூன்று விரற்கடை, நனைந்து பூஞ்சை பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அது தோல்தான். ஆனால் ஆரம் 30-இலிருந்து 25-ஆகக் குறைகிறது. பரப்புக்கு ஆரத்தின் வர்க்கம்தான் கணக்கு: 900-க்கு 625. கட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் கெட்டுவிட்டது! இருபது கிலோவில் ஆறு கிலோ. ஒரு கறவை மாட்டின் ஒருநாள் வைக்கோல் அந்தத் தோலோடு போயிற்று. உள்ளே எவ்வளவு வைக்கோல் பத்திரமாக இருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இதனால்தான்.

பத்திரப்படுத்திய வைக்கோலை மாடு வீணாக்கும் விதம் வேறு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று, உருளையை வைத்து மாடு தின்னும் நான்கு வகைத் தீனிச் சட்டங்களை ஒப்பிட்டது. பெரிய உருளையைக் கூம்புக்குள் தொங்கவைத்து, சுற்றிலும் சாய்கம்பி நிறுத்திய சட்டத்தில் வீணானது 3.5 சதவீதம். கூம்பில்லாத வளையத்தில் 6.1. வண்டி மாதிரியில் 11.4. தொட்டில் மாதிரியில் 14.6. நான்கும் கட்டைத் தாங்கிக்கொள்கின்றன. பிறகு ஏன் நாலு மடங்கு வித்தியாசம்?

மாட்டின் தலையைக் கவனித்தால் புரியும். சாய்கம்பிக்குள் தலையை நுழைத்த மாடு அங்கேயே நின்று தின்கிறது. வாயிலிருந்து நழுவுவது சட்டத்துக்குள்ளேயே விழுகிறது, பிறகு அதையும் எடுத்துத் தின்னலாம். தொட்டிலில் தலையை வெளியே இழுக்கத் தடையே இல்லை. ஒரு வாய் இழுத்துக்கொண்டு பின்வாங்கும். பக்கத்து மாடு முட்டும். வைக்கோல் காலடியில் விழுந்து சாணியோடு மிதிபடும். தொட்டிலில் முட்டலும் தள்ளலும் மற்றவற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அந்த ஆய்வில் எண்ணியிருக்கிறார்கள். மிதித்த வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு விலகும். சாணி வாடை அதற்கு ஆகாது.

இரண்டு மூன்று மாடுகளைக் கட்டிவைத்துத் தீனி போடும் வீட்டுக்குக் கூம்பும் வளையமும் வேண்டியதில்லை. வளையம் வைத்த பண்ணையில் மாடு கட்டைத் தேடிப் போகும்; இங்கே கட்டு மாட்டைத் தேடி வருகிறது. ஆனால் சூத்திரம் அதேதான். காடியின், அதாவது தீனித் தொட்டியின், அடித்தளம் மாட்டின் கால்மட்டத்துக்குச் சற்றே மேலே, மேய்வதுபோல் தலை குனிந்து தின்னும் உயரத்தில் இருக்க வேண்டும். முன்சுவர் மார்புக்குத் தடையாக நின்று, நழுவிய தாள் உள்ளேயே விழ வேண்டும். கழுத்துக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி இருந்தால், தலையைத் தூக்கி உதறும் ஆட்டம் அடங்கும். நறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் கட்டைவிரல் அளவு நறுக்கிப் போட்டால் இழுக்க நீளமே இராது. என் கணிப்பில் சிறு வீட்டுக்கு முதலில் காடி, பிறகுதான் இயந்திரம். மோட்டார் வாங்கியும் நறுக்கியதைத் தரையில் கொட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அன்று அந்த அம்மா கட்டை உதறாமல், சுருளின் வெளிமுனையைப் பிடித்துப் பாய் விரிப்பதுபோல் காடி நெடுகப் பிரித்துக்கொண்டே போனார். ஒரு சுற்றில் கொஞ்சம் கருத்திருந்தது. முகர்ந்து பார்த்து அதை மட்டும் கிள்ளி எருக்குழிப் பக்கம் எறிந்தார். பெரிய மாடு நாக்கைச் சுழற்றி ஒரு பிடி இழுத்து, தலையை நிமிர்த்தப் பார்த்தது. குறுக்குக் கம்பி இடித்தது. நழுவிய தாள்கள் காடிக்குள்ளேயே விழ, மாடு மறுபடி குனிந்தது.